திரௌபதி கழனிக்குப் போன தண்ணீர்

அடி அண்ணாமலை,
புரட்டாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் வளவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முட்டி மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. அங்கே மஸ்கட்டில் நீயும் மருமகள் கவியாவும் பேத்தி ஓவியாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். கும்பிட்டாகிவிட்டது, இனி கோபத்துக்கு வருகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் கேட்டாயோ கேட்கவில்லையோ, ஒரு கட்டைவிரல் படம் வந்து நிற்கிறது. காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது இல்லையா, அதனால்தான் கடைக்குப் போய் நீளத் தாள் வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். நீயும் ஓர் இடத்தில் உட்கார்ந்து முழுவதும் படி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு வரும். திரௌபதியின் கழனியை நீ வாங்கக் கூடாது. அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிய உன் காசி சித்தப்பாவை நான் பாதி வழியில் மறித்துத் திருப்பி அழைத்து வந்துவிட்டேன். உன் அப்பா பெயரில் கிரிவலப் பாதை ஓரத்தில் நீ வைத்துக் கொடுத்தாயே, தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுக்கிற மெஷின், அதையும் நிறுத்திவிட்டேன். சாவி என் முந்தானையில் முடிந்திருக்கிறது. அண்ணிக்கு வயசாயிடுச்சு, என்ன பண்றோம்னே தெரியல என்று சித்தப்பா உனக்குப் போன் செய்திருப்பார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை அப்பா. ஆனதெல்லாம் திரௌபதியின் நிலத்துக்குத்தான், அதைச் செய்தது நாம்தான், இதைத் தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

திரௌபதி யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பக்கத்து நிலம் பக்கத்து நிலம் என்று நீ போனில் பேசும்போது அதற்கு ஒரு சொந்தக்காரி இருக்கிறாள் என்பதே உனக்கு மறந்துவிட்ட மாதிரி தோன்றுகிறது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். அந்த ஒரு கழனியை வைத்துக்கொண்டே இரண்டு பெண்களையும் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள். மெஷின் இருக்கும் நம் இடம் மேட்டில், அதற்குக் கீழே அவள் கழனி, அதற்கும் கீழே நீ வீடு கட்டவென்று வாங்கிப் போட்டிருக்கும் மனை. நடுவில் அவள் இருப்பதுதான் உனக்கும் உன் சித்தப்பாவுக்கும் கண்ணை உறுத்துகிறது.

மெஷின் போட வந்த ஆள் அன்றைக்கே சொன்னான், நான் பக்கத்தில் காபி கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு கொடம் நல்ல தண்ணி எறங்குனா ஒண்ணரை கொடம் கழிவுத் தண்ணி வரும், அத சாக்கடைல வுட்டுடுங்க என்றான். நம் பக்கத்தில் சாக்கடை ஏது. பாதையில் விட்டால் வெறுங்காலோடு நடக்கிற ஜனங்களுக்குச் சேறாகிறது என்று ஊராட்சியில் சத்தம் போட்டார்கள். அப்போதுதான் உன் சித்தப்பாவுக்குத் தர்ம சிந்தனை பொங்கியது. தண்ணிய வீணாக்குனா பாவம் அண்ணி, அதுவும் தண்ணிதானே, திரௌபதி கழனி காஞ்சி கெடக்குது, அங்க வுட்டா பயிருக்காச்சும் ஆவும் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, மண்வெட்டி எடுத்துக் கால்வாய் வெட்டி, மடைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித் திறந்துவிட்டார். மேலே ஜனத்துக்குத் தண்ணீர், கீழே பயிருக்குத் தண்ணீர், ஒரே மெஷினில் இரட்டைப் புண்ணியம் என்று உனக்கு வீடியோ எடுத்து அனுப்பினார். நீயும் அதை ஸ்டேட்டஸில் வைத்தாய். கோடையில் கேட்காமல் தண்ணீர் வந்தால் எந்தச் சம்சாரி வேண்டாம் என்பாள், திரௌபதி கையெடுத்துக் கும்பிட்டாள். முதல் வருஷம் கத்தரிக்காய் பறித்ததும் ஒரு கூடை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் கழனியில் அங்கங்கே சொட்டை விழுந்தது. மடை ஓரமாகத்தான் முதலில், பிறகு நடுவில். தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் தட்டில் நிற்கிற மாதிரி நின்றது, காய்ந்தால் மண்வெட்டி போட்ட இடத்தில் டங்கென்று சத்தம் வந்தது, மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. இந்த வருஷம் சொர்ணவாரிப் பட்டத்துக்கு நட்ட நெல் நாற்று நுனியெல்லாம் தீய்ந்து, பாதி எழும்பவே இல்லை. எழும்பியதும் பதர். உன் சித்தப்பா வரப்பில் நின்றுகொண்டு அவ யூரியாவ ஜாஸ்தி கொட்டிட்டா, அதான் நெலம் செத்துப்போச்சி என்று தீர்ப்புச் சொன்னார். யூரியா மூட்டையின் விலை தெரிந்தவர்கள் அந்தப் பேச்சைப் பேச மாட்டார்கள், அவள் எருவையே அளந்து போடுகிறவள்.

நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. பாவம்மா, விளையாத நெலத்த வெச்சிக்கிட்டு கஷ்டப்படறாங்க, நாமளே வாங்கிக்கிட்டா அவங்களுக்கும் ஒரு உதவி, நமக்கும் மெஷின் எடம், கழனி, மனை எல்லாம் ஒண்ணா சேந்துடும், தண்ணி பந்தல பெருசா கட்டலாம் என்றாய். நானும் என் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது அந்தப் பச்சையம்மாள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள், நாம் கிள்ளியது மட்டும் இல்லை, தொட்டிலையே விலை பேசியிருக்கிறோம்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். நம் மாடு காட்டிக்கொடுத்தது. மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டால் புல்லைத் தொடாமல் நேரே அந்தக் கால்வாய்க் கரைக்குப் போய் நின்று மண்ணை நக்குகிறது. ஓட்டினாலும் திரும்ப அங்கேயே போகிறது. என்னடா இது என்று நான் அந்தத் தண்ணீரை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். நம் போர்த் தண்ணீர் கொஞ்சம் சப்பென்று இருக்கும், ஆனால் இது குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கே ஒரு பாட்டிலில் தண்ணீரும் ஒரு பையில் திரௌபதி கழனி மண்ணும் எடுத்துக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் போனேன். அங்கே அனுபமா என்று ஓர் அதிகாரி, ஆரணிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண், அவர்களுக்கும் சொந்தத்தில் விவசாயம் உண்டாம். சோதனை செய்து பார்த்துவிட்டு, இது போர் தண்ணி மாதிரி இல்லியேம்மா, எங்கேருந்து எடுத்தீங்க என்று கேட்டது. மெஷினில் கழித்த தண்ணீர் என்றேன். அந்தப் பெண் பாட்டிலைத் தூக்கி இன்னொரு தரம் பார்த்தது. அப்புறம், இத நெல்லுக்கா வுட்டீங்க என்று கேட்டது. அந்தக் கேள்விக்குத் தலை குனிந்தது நான், வீடியோ எடுத்த உன் சித்தப்பாவும் இல்லை, ஸ்டேட்டஸ் வைத்த நீயும் இல்லை.

அந்தப் பெண் சொன்னதை உனக்கு விளக்கிச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, நீ அதையே படித்து அதிலேயே சம்பளம் வாங்குகிறவன். எல்லாக் குடத்துத் தண்ணீரிலும் இருக்கிற உப்பை மெஷின் எங்கேயும் தொலைத்துவிடுவதில்லை, கழிவுத் தண்ணீரில் ஒதுக்கித் தள்ளுகிறது. அது கழனியில் பாய்ந்து வெயிலில் வற்றினால் தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு அங்கேயே தங்கும். வருஷக்கணக்கில் தங்கி மண்ணை இறுக்கிக் களராக்கிவிட்டது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற இடத்தில் எஞ்சினியர் நீ. கழிவை எங்கேடா விடுவீங்க என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, குழாய் போட்டுத் தூரமாகக் கடலுக்குள்ளேயே விட்டுடுவோம்மா, அதுக்கு அவ்வளவு சட்டம் இருக்கு என்று பெருமையாகச் சொன்னாய். இங்கே கடல் எங்கே இருக்கிறது வளவா. திரௌபதியின் கழனிதான் உனக்குக் கடலா. அந்த ஊர் மீனுக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியை இந்த ஊர் மனுஷிக்குக் காட்டியிருக்கலாம். மெஷினுக்கு எந்த நிறத்தில் பெயிண்ட் அடிப்பது, போர்டில் அப்பா பெயர் எத்தனை பெரிய எழுத்தில் வர வேண்டும் என்றெல்லாம் போன் மேல் போன் போட்டுக் கேட்டவன், கழிவு எங்கே போகிறது என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. உன் அப்பா உயிரோடு இருந்தவரை மழை வெள்ளம்கூட நம் வரப்பைத் தாண்டி அடுத்தவர் பயிரில் ஏறாமல் குடை பிடித்துக்கொண்டு போய் வாய்க்கால் திருப்பிவிட்டு வருவார். அவர் பெயரைப் போட்டுத்தான் இந்தக் காரியம் நடந்திருக்கிறது.

மெஷின் நின்றதும் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா. வேணும்னே உப்புத் தண்ணிய வுட்டு நெலத்த சாவடிச்சி, அப்பறம் கம்மி வெலைக்கு வாங்கப் பாத்தாங்க என்கிறார்கள். வேண்டுமென்றே செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வேண்டுமென்றே செய்கிறவன் வேறு எப்படிச் செய்வான் என்று நீயே யோசித்துப் பார், இதே மாதிரிதான் செய்வான்.

இப்போது நான் செய்திருப்பதைக் கேள், இதில் உன் சம்மதத்தை நான் கேட்கவில்லை. கால்வாயைத் தூர்த்தாகிவிட்டது. அனுபமா சொன்னபடி திரௌபதி கழனியைச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்து வரப்பை உயர்த்தியிருக்கிறோம். ஜிப்சம் தூவி லேசாக உழுது, நம் மேட்டுக் கிணற்றின் நல்ல தண்ணீரைக் கட்டி நிறுத்தி, ஊறவைத்து வடித்துவிடுகிறோம். உப்பு கரைந்து அதோடு போகுமாம். ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால் வேலை சுலபம் என்கிறது அந்தப் பெண். பிறகு பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூ எடுக்கும் நேரத்தில் மடக்கி உழ வேண்டும், அப்புறம்தான் களர் தாங்குகிற நெல்லாகப் பார்த்து நட வேண்டும். ஒரே பட்டத்தில் சரியாகிவிடாதும்மா, பொறுமையா இருக்கணும், ஆனா திரும்பிடும் என்றது. அந்தத் திரும்பிடும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடுகிறேன்.

வடித்த உப்புத் தண்ணீர் எங்கே போகும் என்று இந்தத் தடவை நான் கேட்டேன். ஏரிக்கால்வாயில் விடக் கூடாது, அடுத்த நிலத்திலும் விடக் கூடாது, கீழே குட்டை வெட்டி அடியில் தார்ப்பாய் விரித்துத் தேக்கிக் கோடையில் காயவைத்து அள்ள வேண்டும் என்றது. கீழே என்றால் உன் மனைதான். வெட்டிவிட்டேன். நீ வரைபடத்தில் காட்டினாயே ஹால், சாமி அறை, கவியாவுக்குப் பெரிய சமையல்கட்டு, அந்த இடமெல்லாம் இப்போது குட்டை. உன் சித்தப்பா ஜேசிபிக்கு முன்னால் போய் நின்று, வளவன் வூடு கட்டற எடத்துல உப்புக் குட்டையா அண்ணி, அவன் கேட்டா நான் என்ன சொல்றது என்று குதித்தார். உப்பு நம்முடையது, நம் மனையிலேயே காயட்டும் என்று சொல் என்றேன். அன்றிலிருந்து அவர் நம் வீட்டில் காபி குடிப்பதில்லை. சர்க்கரை இருக்கிற உடம்பு, அதுவும் நல்லதுக்குத்தான்.

பௌர்ணமிக்கு வருகிற ஜனம் தண்ணியில்லாம தவிக்கும், அந்தப் பாவம் நம்மள சும்மா வுடாது என்றும் அவரே சொன்னார். நம் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பானைகளில் ஊற்றி, வெட்டிவேர் போட்டு வைத்தேன். பச்சையம்மாளும் அவள் மருமகளும் கூட நின்றார்கள். வந்தவர்கள் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்கள். மெஷினை நிரந்தரமாக மூடச் சொல்லவில்லை, கழிவுக்கு ஒரு ஒழுங்கான வழி செய்துவிட்டு ஓட்டு, நானே சாவியைத் தருகிறேன். அதுவரை தர்மம் பானையில் நடக்கும். அடுத்தவள் வயிற்றில் அடித்துவிட்டுச் செய்கிற தர்மம் எனக்கு வேண்டாம், அண்ணாமலையாருக்கும் அது வேண்டியிருக்காது.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. ஊர் சொல்லித் திரௌபதி தெரிந்துகொள்ளக் கூடாது என்று, வேளாண்மை ஆபீசிலிருந்து திரும்பிய கையோடு நேரே அவள் வீட்டுக்குத்தான் போனேன். அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் தெரியுமா. யாரோ கண் வைத்துவிட்டார்கள், இல்லையென்றால் தான் ஏதோ தெய்வக் குற்றம் செய்துவிட்டோம், அதனால்தான் கழனி செத்துப்போனது என்று நம்பிக்கொண்டிருந்தாள். பயிரில் சொட்டை விழுந்த நாளிலிருந்து ஒரு பௌர்ணமி விடாமல் உபவாசம் இருந்து மலையைச் சுற்றியிருக்கிறாள், கழனி விளைந்தால் போதும் என்ற ஒரே வேண்டுதலோடு. பித்தவெடிப்பு வந்து ரத்தம் கசிகிற காலோடு சுற்றியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நம் மெஷினுக்கு முன்னால் வந்ததும் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, வளவன் தம்பி நல்லா இருக்கணும், புண்ணியவான் என்று உன்னை வாழ்த்திவிட்டு எழுந்து நடந்திருக்கிறாள். நானே என் காதால் கேட்டிருக்கிறேன். அவள் அங்கே குடித்த ஒவ்வொரு டம்ளருக்கும் ஒன்றரை டம்ளர் உப்புத் தண்ணீர் அவள் கழனிக்குப் போய்க்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன், மறைக்காமல் சொன்னேன். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்ப இத்தினி பௌர்ணமியும் நான் எதுக்குக்கா சுத்துனேன் என்று கேட்டாள்.

இப்போது கழனி வேலை நடக்கும்போது வரப்பில் வந்து நிற்கிறாள், மண்வெட்டி பிடிக்கிறாள், என்னோடு மட்டும் பேசுவதில்லை. இந்தப் பௌர்ணமிக்கு அவள் மலை சுற்றப் போகவில்லை. நிலத்துக்கு ஜிப்சம் இருக்கிறது, நல்ல தண்ணீர் இருக்கிறது, தக்கைப்பூண்டு இருக்கிறது. இதற்கு என்ன போடுவது என்று அந்த ஆபீசில் யாரைக் கேட்பேன்.

ஆகவே இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே நீ திரௌபதிக்குப் போன் செய்ய வேண்டும். சித்தப்பாவை விட்டுச் சொல்லவைக்காதே. பணம் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே, நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்றும் சொல்லாதே, அந்த நல்ல எண்ணத்தைத்தான் அவள் தினமும் மிதித்துக்கொண்டு நிற்கிறாள். தப்பு எங்களுடையது என்று மட்டும் சொல். அவள் திட்டினால் கேட்டுக்கொள். பேசாமல் இருந்தால் நீயும் லைனில் பேசாமல் இரு, மீட்டிங் என்று வைத்துவிடாதே. தீபத்துக்கு லீவு போட்டு வருகிறாய் இல்லையா, மலை ஏறுவதற்கு முன்னால் அவள் கழனியில் இறங்கு.

கவியாவை இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல். ஓவியாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள், அந்த ஊர் வெயிலுக்கு முடி செம்பட்டை ஆகிவிடும். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு. கோபம் கோபம்தான், பிள்ளை பிள்ளைதான். மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். திரௌபதிக்குப் போன் செய்த பிறகு எனக்குச் செய், அதற்கு முன்னால் செய்தால் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும் அம்மா,
சரோஜா.